கார்மிஷில் இறங்கி மிட்டன்வால்டுக்கு நடப்போம்: பவேரியாவில் ஒரு வார இறுதிக்கான திட்டம்

ஜெர்மனியின் பவேரியா மாநிலத்தில், மியூனிக்கில் வேலை பார்க்கிற நம்மவர்கள் கோடை வந்ததும் போடுகிற திட்டம் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். சனிக்கிழமை நொய்ஷ்வான்ஸ்டைன் கோட்டை, ஞாயிற்றுக்கிழமை சுக்ஸ்பிட்ஸ சிகரம், நேரம் மிச்சமிருந்தால் வழியில் ஒரு ஏரி. கார் எடுத்துக்கொண்டு போனால் நிறுத்த இடம் தேடுவதிலும் டிக்கெட் வரிசையிலும் பாதி நாள் கரைந்துவிடும். எனக்கு அது ஒத்துவரவில்லை. சில வருடங்களாக நானும் மனைவியும் வேறு ஒரு முறையில்தான் போகிறோம். ஒரே ரயில் பாதையில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு ஊர்களை எடுத்துக்கொள்வது, முதல் ஊரில் இறங்கி இரண்டாவது ஊருக்கு நடந்தோ சைக்கிளிலோ போவது, அங்கே ஒரு ராத்திரி தங்கிவிட்டு ரயிலேறித் திரும்புவது, அவ்வளவுதான்.

இதில் பெரிய வசதி, கிளம்பின இடத்துக்கே திரும்ப வேண்டியதில்லை என்பது. கார் வைத்திருப்பவர் எவ்வளவு நடந்தாலும் கடைசியில் கார் நிற்கும் இடத்துக்கு வந்தாக வேண்டும். ரயிலில் போகிறவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை, நடுவில் முடியாமல் போனால் இடையில் ஒரு ஸ்டேஷன் இருக்கும், அங்கே ஏறிக்கொள்ளலாம். கூட வருகிறவர்களில் ஒருவருக்குக் கால் வலி வந்தாலும் மற்றவர்களின் நாள் கெடாது.

இந்த மாதிரிப் பயணத்துக்கு எனக்குப் பிடித்த ஜோடி கார்மிஷ்-பார்ட்டன்கிர்ஷனும் மிட்டன்வால்டும். ரயிலில் இரண்டுக்கும் நடுவே அரை மணி நேரம்கூட ஆகாது. கார்மிஷ் சுமார் 700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, மிட்டன்வால்ட் 900 சொச்சம். நடந்து போனால் மட்டும் ஒரு முழுப் பகல் வேண்டும், ஏனென்றால் நடுவில் ஒரு மலையிடுக்கு, மேய்ச்சல் நிலங்கள், காடு, இரண்டு ஏரிகள் எல்லாம் வரிசையாக வருகின்றன. கார்மிஷும் பார்ட்டன்கிர்ஷனும் முன்பு தனித்தனி ஊர்கள், 1936 குளிர்கால ஒலிம்பிக்குக்காக 1935-ல் ஒன்றாக்கப்பட்டவை. இன்றைக்கும் பார்ட்டன்கிர்ஷன் பக்கத்தில் இருப்பவரிடம் "கார்மிஷ்காரரா?" என்று கேட்டால் திருத்துவார்.

முதலில் டிக்கெட். ஜெர்மனி முழுக்க உள்ளூர், வட்டார ரயில்களிலும் பேருந்துகளிலும் செல்லும் மாதாந்தரச் சீட்டான டாய்ச்லாண்ட் டிக்கெட் கையில் இருந்தால் கவலையே இல்லை, 2026 ஜனவரி முதல் மாதம் 63 யூரோ, மியூனிக்கிலிருந்து மிட்டன்வால்ட் வரை அதுவே போதும். இல்லாதவர்கள், குறிப்பாக ஊரிலிருந்து வந்திருக்கும் பெற்றோரைக் கூட்டிப் போகிறவர்கள், பவேரியா டிக்கெட் எடுத்துக்கொள்ளலாம். ஐந்து பேர் வரை ஒரே டிக்கெட்டில் போகலாம், ஆள் கூடக் கூடத் தலைக்கு ஆகும் செலவு இறங்கும். வாரநாளில் காலை 9 மணிக்கு மேல்தான் செல்லும், சனி ஞாயிறிலும் அரசு விடுமுறையிலும் நள்ளிரவிலிருந்தே செல்லும், மறுநாள் அதிகாலை 3 மணி வரை. ஒரே நாளுக்கான டிக்கெட் என்பதால் ராத்திரி தங்கித் திரும்புகிறவர்கள் இரண்டு எடுக்க வேண்டும். ஐசிஇ, ஐசி என்ற நெடுந்தூர விரைவு வண்டிகளில் டாய்ச்லாண்ட், பவேரியா டிக்கெட் இரண்டுமே செல்லாது. சைக்கிளுக்குத் தனியாக டிக்கெட் வாங்க வேண்டும், இதை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள்.

மியூனிக் மெயின் ஸ்டேஷனில் கார்மிஷ் வண்டிகள் பெரும்பாலும் 27 முதல் 36 வரையுள்ள பிளாட்பாரங்களில் நிற்கும். அது ஸ்டேஷனின் ஒரு ஓரம், யூ-பான் என்ற சுரங்க ரயிலிலிருந்து ஏறி வந்து நடக்கவே பத்து நிமிடம் ஆகிவிடும். அப்புறம் ரொம்ப முக்கியமான ஒன்று: இந்தப் பாதையில் வண்டி நடுவழியில் பிரியும். டுட்ஸிங்கில் ஒரு பகுதி கோஹல் பக்கம் போகும், கார்மிஷில் ஒரு பகுதி ஆஸ்திரியப் பக்கம் திரும்பும். ஏறும்போது அந்தப் பெட்டியின் வெளியே ஓடும் எழுத்தைப் படித்துவிட்டு ஏறுங்கள். உட்கார இடம் கிடைத்ததே என்று கடைசிப் பெட்டியில் ஏறி, வேறு ஏரிக்கரையில் போய் இறங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். சனிக்கிழமை எட்டு எட்டரை மணி வண்டிகள் பிதுங்கி வழியும், அதற்கு ஒரு மணி நேரம் முன்னால் உள்ளதைப் பிடித்தால் உட்கார்ந்துகொண்டு போகலாம்.

கிளம்புவதற்கு முந்தின நாள் இரவு இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள், பாதையில் பராமரிப்பு வேலை ஏதாவது இருக்கிறதா என்று. 2022 ஜூன் 3 அன்று கார்மிஷுக்கு வடக்கே புர்க்ரைன் அருகே ரயில் தடம் புரண்டு ஐந்து பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு சிமென்ட் ஸ்லீப்பர்களைப் பெரிய அளவில் மாற்றினார்கள், அதற்காகப் பாதைகள் அடிக்கடி மூடப்பட்டன. மூடியிருந்தால் மாற்றுப் பேருந்து விடுவார்கள், ஆனால் அதில் சைக்கிள் ஏற்றுவார்கள் என்று நம்பிப் போக முடியாது. சைக்கிளைக் கொண்டு போவதைவிட மிட்டன்வால்டில் வாடகைக்கு எடுப்பது நல்லது என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம்.

சரி, கார்மிஷில் இறங்கியாயிற்று. ஸ்டேஷனிலிருந்து ஒலிம்பிக் பனிச்சறுக்கு மைதானம் வரை உள்ளூர்ப் பேருந்து இருக்கிறது. அங்கிருந்து பார்ட்னாக் மலையிடுக்கின் வாசலுக்கு இருபத்தைந்து நிமிட நடை, தார்ச்சாலை, சமதளம். நடக்க முடியாதவர்களுக்குக் குதிரை வண்டி உண்டு. உள்ளே போகக் கட்டணம் உண்டு. காலை பத்து மணிக்கு முன்பே உள்ளே நுழைந்துவிட்டால் நிம்மதி, பதினொன்றுக்கு மேல் எதிரெதிரே வருகிறவர்களுக்கு ஒதுங்கி ஒதுங்கித்தான் போக வேண்டியிருக்கும்.

இந்த மலையிடுக்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்த நடையில் வேறு எதையும் விட இதுதான் மனதில் நிற்கும். நீளம் சுமார் 700 மீட்டர்தான், ஆனால் இரண்டு பக்கப் பாறையும் சில இடங்களில் 80 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கிறது, வானம் ஒரு கோடு மாதிரித் தெரியும். பாறையைக் குடைந்து போட்ட பாதை, ஒரு பக்கம் கம்பி, கம்பிக்குக் கீழே பச்சையும் வெள்ளையுமாக பார்ட்னாக் ஆறு. நடுநடுவே சுரங்கம் வரும், உள்ளே இருட்டு, தலைக்கு மேலே பாறையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும், உயரமானவர்கள் குனிந்துதான் போக வேண்டும். ஆற்றின் இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் பேசுவது காதில் விழாது. ஜூலை வெயிலிலும் உள்ளே குளிரும், மழைக்கோட்டைப் பைக்குள் அடியில் வைக்காமல் மேலேயே வைத்திருங்கள். அந்தக் காலத்தில் மலையில் வெட்டிய மரங்களை இந்த ஆற்றில் மிதக்கவிட்டுத்தான் கீழே கொண்டு வந்தார்கள், இடுக்கில் சிக்கிய மரத்தைத் தள்ளிவிட ஆட்கள் உயிரைப் பணயம் வைத்து உள்ளே இறங்கியிருக்கிறார்கள். 1912-ல் இதை இயற்கைச் சின்னமாக அறிவித்தார்கள். 1991 ஜூன் 1 அன்று ஒரு பெரிய பாறைச் சரிவு ஆற்றையே அடைத்தது, யாருக்கும் காயமில்லை, சரிந்த பாறைகளுக்குப் பின்னால் ஒரு சின்னக் குளம் உருவானது, பிறகு அந்த இடத்தைச் சுற்றிப் புதிதாகச் சுரங்கம் வெட்டி வழி செய்தார்கள். நடக்கும்போது அந்த இடத்தைப் பார்க்கலாம், வீடு அளவுக்குப் பாறைகள் ஆற்றுக்குள் கிடக்கும்.

வசந்த காலத்தில் பனி உருகும்போதும் கனமழைக்குப் பிறகும் இதை மூடிவிடுவார்கள். அதனால் காலையில் வீட்டிலிருந்து கிளம்பும் முன் திறந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

இடுக்கைத் தாண்டி வெளியே வந்ததும் மஞ்சள் பலகைகள் வரிசையாக நிற்கும். ரைன்டால் என்று போட்டிருப்பது சுக்ஸ்பிட்ஸ வரை ஏறுகிறவர்களுக்கானது, அது வேறு கதை. நீங்கள் கிராசெக் வழியாக எல்மாவ் போகும் பாதையைப் பிடிக்க வேண்டும். பலகையில் போட்டிருக்கும் நேரத்தில் ஓய்வு சேராது, போட்டோ எடுப்பதும் சேராது. குழந்தைகளோடு போகிறவர்கள் அதோடு பாதியைக் கூட்டிக்கொள்ளுங்கள். மலைப்பாதைகளுக்கு நிறமும் உண்டு, நீலம் எளிது, சிவப்பு நடுத்தரம், கறுப்பு கடினம். பழகாதவர்கள் கறுப்புப் பக்கம் போகவே வேண்டாம்.

கிராசெக் ஏற்றம் கொஞ்சம் மூச்சு வாங்கும். ஏறியதும் மேய்ச்சல் நிலம், மரவீடுகள், எதிரே வெட்டர்ஸ்டைன் மலைச் சுவர். மாடு மேயும் இடத்தில் பாதை குறுக்கே போகும், கதவைத் திறந்தால் மறக்காமல் மூடிவிடுங்கள், வேலியைத் தொடாதீர்கள், அது மின்வேலி. கன்றோடு நிற்கும் பசுவிடமிருந்து நன்றாக விலகிப் போங்கள். நம் ஊர்ப் பசு மாதிரித் தடவிக் கொடுக்கலாம் என்று குழந்தைகள் ஓடுவார்கள், பிடித்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு ஃபெர்ஷன்பாக் ஓடையை ஒட்டிக் காட்டுப்பாதை, நீளமாகத்தான் இருக்கும், ஆனால் நிழல்.

எல்மாவ் வந்ததும் ஒரு மாளிகை ஹோட்டல் தெரியும். 2015-லும் 2022-லும் ஜி7 தலைவர்கள் கூடிய இடம் இதுதான். இங்கேதான் அந்த நாளின் முக்கியமான முடிவை எடுக்க வேண்டும். மணி இரண்டுக்குள் இருக்கிறது, எல்லோரும் தெம்பாக இருக்கிறார்கள், வானம் தெளிவு என்றால் ஏரிகள் வழியாக மிட்டன்வால்டுக்கு நடக்கலாம், இன்னும் இரண்டரை மூன்று மணி நேரம். இதில் ஒன்று குறைந்தாலும் கிளைஸ் ஸ்டேஷனுக்கு இறங்கிவிடுங்கள், ஒரு மணி நேரச் சொச்ச நடை, அங்கிருந்து மிட்டன்வால்ட் அடுத்த நிறுத்தம். 933 மீட்டர் உயரத்தில் இருக்கும் அந்தக் கிளைஸ் ஜெர்மனியின் உயரமான ரயில் ஸ்டேஷன்களில் ஒன்று. கோடையில் மத்தியானத்துக்கு மேல் இடிமழை சட்டென்று வரும், ஆல்பைன் சங்கத்தின் மலை வானிலை அறிக்கையை முந்தின நாள் இரவும் காலையும் இரண்டு முறையும் படியுங்கள். மேகம் கறுத்துக்கொண்டு வரும்போது "இன்னும் கொஞ்ச தூரம்தானே" என்பது மலையில் செல்லாது. அவசரத்துக்கு 112, மலைமீட்புப் படைக்கும் அதே எண்தான்.

எல்மாவில் இன்னொரு ஆசை காட்டும் பலகை இருக்கும், ஷாகென் என்று. இரண்டாம் லுட்விக் மன்னர் 1866 மீட்டர் உயரத்தில் கட்டிக்கொண்ட மரமாளிகை, உள்ளே துருக்கிப் பாணியில் ஒரு கூடம். பார்க்க வேண்டிய இடம்தான், ஆனால் அதற்கென்று தனியாக ஒரு நாள் ஒதுக்குங்கள், இந்த நடையோடு சேர்க்காதீர்கள்.

ஏரி வழியாகப் போகிறவர்களுக்கு முதலில் ஃபெர்ஷன்சே, அப்புறம் லவுட்டர்சே. லவுட்டர்சேயில் குளிக்கலாம், தண்ணீர் ஜில்லென்றிருந்தாலும் அத்தனை நடைக்குப் பிறகு காலையாவது நனைக்காமல் போக மனசு வராது. அங்கிருந்து லைன்டால் அருவியை ஒட்டி இறங்கினால் ஊருக்குள் வந்துவிடலாம். மழை பெய்திருந்தால் அந்த இறக்கம் வழுக்கும், நல்ல அடிப்பாகம் உள்ள ஷூ வேண்டும். மொத்தமாக 20 கிலோமீட்டர் அளவுக்கு வரும், ஆறு ஏழு மணி நேரம் காலுக்கு வேலை.

சாப்பாடு விஷயத்தில் நம்மவர்கள் பவேரியாவில் படும் பாடு தனி. கிராமத்துச் சாப்பாட்டுக் கடைகளில் மத்தியானம் இரண்டு மணிக்குச் சமையலை நிறுத்திவிட்டு ஐந்தரை மணி வாக்கில்தான் மறுபடி தொடங்குவார்கள், வாரத்தில் ஒன்றிரண்டு நாள் முழு விடுமுறை வேறு. ஒருமுறை பாதையோரக் கடையொன்றில் கதவு திறந்தே இருந்தது, உள்ளே ஆட்களும் இருந்தார்கள், மணி 2.10, சூப் கூடக் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். அதனால் நாங்கள் புளிசாதம் கட்டிக்கொண்டு போகிறோம், கெடாது, ஸ்பூன் போதும். ஆனால் மலைக் குடில்களின் மேசையில் உட்கார்ந்து அதைப் பிரிக்கக் கூடாது, வழியில் எங்கும் மரப்பெஞ்சு இருக்கும், அங்கே சாப்பிட்டுவிட்டுக் குடிலில் போய் ஒரு ஆப்பிள் ஷோர்லெ (சோடா கலந்த ஆப்பிள் ஜூஸ்) வாங்கிக் குடியுங்கள். மோர்ப் பிரியர்கள் குடில்களில் புட்டர்மில்ஷ் கேட்டு வாங்கலாம், உப்பு இருக்காதே தவிர வெயிலுக்கு அருமை. பல இடங்களில் கார்டு வாங்க மாட்டார்கள், ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் கவனிக்க வேண்டியது சூப். அப்பக் கீற்று போட்ட சூப், சீஸ் உருண்டை போட்ட சூப் என்று பெயரில் இறைச்சியே இருக்காது, ஆனால் சூப்பின் நீர் பெரும்பாலும் மாட்டெலும்பில் வேகவைத்தது. கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். சீஸ் சேர்த்த நூடுல்ஸ் மாதிரியான கேசெஷ்பெட்ஸ்லெ, துண்டு துண்டாகப் பிய்த்த இனிப்பு அப்பமான காய்சர்ஷ்மார்ன் இரண்டும் நம்பிச் சாப்பிடலாம், முட்டை சேரும். பவேரியாவில் சூப்பர் மார்க்கெட் இரவு 8 மணிக்கு மூடிவிடும், ஞாயிற்றுக்கிழமை கடையே கிடையாது. சனிக்கிழமை மாலை மிட்டன்வால்டில் இறங்கியதும் குளிப்பதற்கு முன்னால் கடைக்குப் போய் மறுநாளுக்கான ரொட்டி, பழம், தண்ணீர் வாங்கிவிடுங்கள். கத்தோலிக்கப் பண்டிகை விடுமுறைகளும் இங்கே மற்ற மாநிலங்களைவிட அதிகம், ஆகஸ்ட் 15 கூட பவேரியாவின் பெரும்பாலான ஊர்களில் விடுமுறைதான்.

தங்கும் விடுதியில் அறை வாடகையோடு ஊர் வரி என்று தலைக்குச் சில யூரோ கேட்பார்கள். அதைக் கட்டினால் விருந்தினர் அட்டை தருவார்கள், அதைக் காட்டி உள்ளூர்ப் பேருந்தில் இலவசமாகப் போகலாம். தராமல் விட்டால் கேட்டு வாங்குங்கள்.

இரண்டாம் நாள் காலை மிட்டன்வால்டை நிதானமாகப் பாருங்கள். ஊர் சின்னது, ஆனால் வயலின் உலகத்தில் பெரிய பெயர். மத்தியாஸ் க்ளோட்ஸ் என்பவர் 17-ம் நூற்றாண்டின் கடைசியில் இங்கே வயலின் செய்யத் தொடங்கினார், அந்தத் தொழில் இன்று வரை நிற்கவில்லை. தேவாலயத்தின் முன்னால் அவருக்குச் சிலை இருக்கிறது. 1858-ல் தொடங்கிய வயலின் தயாரிப்புப் பள்ளி இன்றும் நடக்கிறது, அருங்காட்சியகம் ஒன்றும் உண்டு. சுற்றியிருக்கும் மலைக்காடுகளில் குளிரில் மெதுவாக வளரும் ஸ்ப்ரூஸ் மரத்தின் நெருக்கமான இழைதான் வயலினின் மேல்பலகைக்கு வேண்டியது. கர்நாடக சங்கீதத்தில் வயலின் கேட்டு வளர்ந்த எனக்கு, ஒரு பட்டறை ஜன்னல் வழியே இன்னும் வார்னிஷ் போடாத வெளிறிய வயலின் உடல் ஒன்று கம்பியில் தொங்குவதையும், மேசையில் பாதி செதுக்கிய சுருள் தலையையும் பார்த்துவிட்டு அங்கிருந்து நகரவே முடியவில்லை. வீட்டுச் சுவர்களில் இருக்கும் பெரிய ஓவியங்களையும் பார்த்துக்கொண்டே நடங்கள், 18-ம் நூற்றாண்டுக்காரர் ஃப்ரான்ஸ் செராஃப் ஸ்விங்க் வரைந்தவையும் அவற்றில் உண்டு.

அதன் பிறகு இரண்டு வழி. கால் வலிக்கவில்லை என்றால் லாய்டாஷ் மலையிடுக்கு, ஊரிலிருந்து நடந்தே போய்விடலாம். பாறைச் சுவரில் மாட்டிய இரும்புப் பாலம், கீழே பார்த்தால் கம்பி வலை வழியே ஆறு தெரியும், உயரத்தைக் கண்டு பயப்படுகிறவர்களுக்கு ஆகாது. இந்தப் பாதை எல்லையைத் தாண்டி ஆஸ்திரியாவுக்குள் போகிறது. ஷெங்கன் நாடுகள்தானே, எல்லைச் சோதனை இருக்காது என்று அலட்சியமாக இருக்காதீர்கள், ஆஸ்திரியா பக்கமிருந்து வரும் ரயில்களில் போலீஸ் சோதனை நடக்கிறது, பாஸ்போர்ட்டும் குடியிருப்பு அட்டையும் எல்லோருடையதும் அசலாகக் கையில் இருக்க வேண்டும், போனில் இருக்கும் போட்டோ உதவாது.

கால் களைத்திருந்தால் சைக்கிள். இசார் ஆற்றை ஒட்டி க்ரூன் வழியாக வால்காவ் வரை ஏறக்குறைய பத்து கிலோமீட்டர், பெரும்பாலும் ஆற்றோடு சேர்ந்து இறக்கம், நீலப் பச்சைத் தண்ணீரும் வெள்ளைக் கூழாங்கல்லும் கூடவே வரும். திரும்புவது லேசான ஏற்றம் என்பதால் மின்சார சைக்கிள் எடுத்துக்கொண்டால் வயதானவர்களும் வரலாம். ஹெல்மெட் இங்கே சட்டப்படி கட்டாயமில்லை, ஆனாலும் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள். வழியில் புடைப்பும் பள்ளமுமாக ஒரு புல்வெளி வரும், பனியுகம் முடிந்த பிறகு உருவான நிலம், மேடுபள்ளத்தில் இயந்திரம் ஓட்டுவது சிரமம் என்பதால் பல இடங்களில் இன்றும் ஆட்களே கையால் புல் வெட்டுகிறார்கள். மே, ஜூனில் அங்கே நீல ஜென்ஷியன் பூக்கும், அந்த நேரத்தில் போகிறவர்கள் பாதையை விட்டு இறங்கி மிதிக்காதீர்கள்.

கார்வெண்டல் ரோப்கார் பத்து நிமிடத்தில் 2244 மீட்டருக்கு ஏற்றிவிடும். மேகம் மூடிய நாளில் அதற்குப் பணம் கொடுக்க வேண்டாம், தெளிந்த நாளில் தாராளமாகக் கொடுக்கலாம்.

திரும்பும்போது ஞாயிறு மாலை நாலிலிருந்து ஆறரை வரை உள்ள வண்டிகளைத் தவிருங்கள், நின்றுகொண்டே மியூனிக் வர வேண்டியிருக்கலாம். ஏழு மணிக்கு மேல் கூட்டம் வடிந்துவிடும். வண்டி கார்மிஷில்தான் ஏறக்குறைய நிரம்பும் என்பதால் அதற்கு முன்பே மிட்டன்வால்டில் ஏறுகிறவர்களுக்கு இடம் கிடைக்கும் வாய்ப்பு அதிகம், இந்த ஊரில் தங்கச் சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம்.

பெற்றோருக்கு முட்டிவலி, ஏற்றமே வேண்டாம் என்றால் இதே முறையை ஆல்ட்மூல் ஆற்றங்கரையில் செய்யலாம். ஐஷ்டெட், டோல்ன்ஷ்டைன், சோல்ன்ஹோஃபன் மூன்றும் ஒரே ரயில் பாதையில் இருக்கின்றன, ஆற்றை ஒட்டிச் சைக்கிள் பாதை சமமாகப் போகிறது, ஆர்க்கியாப்டெரிக்ஸ் என்ற ஆதிப்பறவையின் புதைபடிவம் கிடைத்த சுண்ணாம்புக்கல் நிலம் அது, பிள்ளைகளுக்குப் பிடிக்கும். ஐஷ்டெட்டில் மட்டும் கவனம், பெரிய பாதையில் இருக்கும் ஸ்டேஷன் ஊருக்குச் சில கிலோமீட்டர் வெளியே இருக்கிறது, அங்கே இறங்கி ஊருக்குப் போகும் சின்ன ரயிலுக்கு மாற வேண்டும்.